"சொல்லுறம்" என்று அனுப்பியவர்களிடம் எப்போது கேட்பது?

கேள்வி: கணக்கியலில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு கம்பனிக் கிளைக்கு, கணக்கு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ போய் வந்து இன்றோடு 12 நாள். நன்றாகத்தான் கதைத்தார்கள், "சொல்லுறம்" என்று அனுப்பினார்கள், பிறகு ஒரு சத்தமும் இல்லை. கோல் எடுத்துக் கேட்கவா என்றால் அம்மா "வேலைக்கு அலையுறாய் எண்டு நினைப்பினம்" என்கிறா. அண்ணா அங்கே வேலை செய்யும் ஒருவரைப் பிடித்துச் சொல்ல வைக்கலாம் என்கிறார். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, கேளுங்கள், நாளைக்குக் காலையிலேயே கேளுங்கள். ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, மாங்குளம் சந்தியில் இறங்கி, ஏ9 பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஒரு நாளையே செலவழித்து இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தவர் முடிவு என்ன என்று கேட்பதற்குப் பெயர் அலைவது இல்லை.

நான் சில வருடம் இன்டர்வியூ எடுக்கும் மேசைப் பக்கம் இருந்திருக்கிறேன். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் இல்லை. கிளையில் இன்டர்வியூ நடக்கும், பைல் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கே கையெழுத்து வைப்பவர் லீவில் இருப்பார், இடையில் ஒரு போயா லீவு வரும், மாதக் கடைசியில் எல்லோரும் சம்பளக் கணக்கில் நிற்பார்கள். முதலில் தெரிவானவர் அரச நியமனம் கிடைத்து வராமல் விடுவதும் உண்டு. அப்படி ஒருமுறை எங்கள் மேசையில் இரண்டு சிவிதான் மிஞ்சின, இரண்டு பேருமே கிட்டத்தட்ட ஒரே தரம். அதில் ஒரு பிள்ளை மறுநாளே நாலு வரி நன்றி சொல்லி ஈமெயில் போட்டிருந்தார். அவரைத்தான் முதலில் கூப்பிட்டோம்.

இன்னொரு பிள்ளையின் கதை இப்போதும் மனதை உறுத்துகிறது. தெரிவுசெய்து கோல் எடுத்தோம், இரண்டு நாளும் லைன் கிடைக்கவில்லை, மூன்றாம் நாள் அடுத்தவரை எடுத்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து அவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். அவர்கள் வீட்டில் மாமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் வருமாம், போன் உள்ளே அலுமாரி மேல் கிடந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சிவியில் வீட்டு ஆள் ஒருவரின் நம்பரையும் போடுங்கள், முடிவு வரும்வரை சிம்மை மாற்ற வேண்டாம், ஈமெயிலில் ஸ்பாம் பக்கத்தையும் திறந்து பாருங்கள். 011 என்று தொடங்கும் மிஸ்ட் கோல் இருந்தால் திருப்பி எடுங்கள். அது கொழும்பு லைன், எடுப்பவர் வரவேற்பில் இருப்பவராக இருப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது, ஆகவே பெயர், பதவி, இன்டர்வியூ நடந்த திகதி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

முதலில் ஈமெயில் போடுங்கள். தலைப்பில் பதவியும் உங்கள் பெயரும் இருக்கட்டும். "கணக்கு உதவியாளர் பதவிக்கு இன்ன திகதி கிளிநொச்சிக் கிளையில் நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது. முடிவு எப்போது தெரியவரும் என்று அறியத் தந்தால் உதவியாக இருக்கும்." அவ்வளவுதான். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் நீங்களும் இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். வீட்டுக் கஷ்டம் எதையும் சேர்க்க வேண்டாம், அது உண்மையாக இருந்தாலும் வாசிப்பவரைச் சங்கடப்படுத்தும். மூன்று வேலைநாளில் பதில் இல்லையா, காலை பத்து மணிக்குப் பிறகு ஒரு கோல். "இன்னும் முடிவாகவில்லை" என்றால், "எந்தக் கிழமை திருப்பிக் கேட்கலாம்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன நாளில் மட்டும் எடுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இதற்கிடையில் மற்ற இடங்களுக்குப் போடுவதை நிறுத்தாதீர்கள்.

அண்ணாவுக்குத் தெரிந்தவரிடம் "முடிவு வந்திட்டுதோ" என்று விசாரிப்பதில் தவறில்லை. "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ" என்று மட்டும் கேட்க வைக்காதீர்கள். நீங்கள் திறமையால் எடுத்த வேலையையும் நாளைக்கு ஆள் பிடித்து எடுத்தது என்பார்கள். அப்புறம், அடுத்த இன்டர்வியூவில் கதிரையை விட்டு எழும்ப முதலே "எப்போது அறிவிப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ போனேன். சம்பளம் குறைந்த இடத்தில் திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். விருப்பமான இடம் இன்னும் வாய் திறக்கவில்லை.
- மல்லாவி வாசகர்

பதில்: தம்பி, விருப்பமான இடத்துக்கு இன்றைக்கே கோல் எடுத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "இன்னொரு இடத்தில் வேலை கிடைத்திருக்கு, வெள்ளிக்குள் பதில் சொல்ல வேணும், உங்கட முடிவு அதுக்குள்ள தெரியுமா?" இதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். தெரியாது என்றால் கையில் இருப்பதை எடுங்கள். எடுக்க முதல் நியமனக் கடிதம் கேளுங்கள், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம் போட வேண்டும். முதலாளி போடும் பங்கைக் கூட்டிப் பார்க்காமல் சம்பளம் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். வேலையில் சேர்ந்ததும் மற்ற இடத்துக்கு இரண்டு வரி எழுதி அறிவித்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஆளை அவர்கள் அன்றைக்கே கூப்பிடலாம்.