ஏணியை எடுக்குமுன்: கூரைப் பனி பற்றிய கேள்வி பதில்

2025 பெப்ரவரியில் சில நாள் இடைவெளியில் இரண்டு பனிப்புயல்கள் ரொறன்ரோவை மூடின. அந்த மாதிரி வாரங்களில் எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி கூரையைப் பற்றியவை. அவற்றிலிருந்து சில:

கூரையில் ஒரு அடி பனி நிற்கிறது. வீடு 1970களில் கட்டியது. அப்பாவுக்கு 64 வயது, ஏணி வைத்து ஏறித் தள்ளப் போகிறேன் என்று நிற்கிறார். தள்ளத்தான் வேண்டுமா? (ஸ்காபரோ வாசகி)

அப்பாவை மறியுங்கள். பனிக்குக் கீழே ஷிங்கிளின் (கூரையை மூடும் தார்த் தகடு) மேல் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஏணியின் காலும் ஐஸில், தலையும் கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் உறைந்த பீலியில். அதோடு, நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள பனி சரிந்தால் ஆளையும் சேர்த்துத்தான் கொண்டுவரும்.

தள்ள வேண்டுமா என்பதை உயரம் தீர்மானிக்காது, எடைதான் தீர்மானிக்கும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி 30 செ.மீ. இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. அதே 30 செ.மீ. பல நாள் கிடந்து, மழையும் குடித்து இறுகினால் 90 கிலோவைத் தொடும். ஐஸ் என்றால் 2.5 செ.மீ. தடிப்பே 23 கிலோ. கனடாவின் கட்டட விதி வீட்டுக் கூரைக்குக் கேட்கும் மிகக் குறைந்த பனிச்சுமை 1 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. பழைய வீடுகளும், பிறகு ஒட்டிக் கட்டிய அறைகளும், கராஜ் கூரைகளும் அந்தக் கணக்கில் நிற்குமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

வீட்டிலேயே அளக்கலாம். பின்வளவில் யாரும் மிதிக்காத இடத்தில் 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்துக்குத் தரைவரை பனியை வெட்டி ஒரு பையில் போட்டு, குளியலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வந்த கிலோவை 11ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான எடை. 4 கிலோ வந்தால் 44, பயமில்லை, விட்டுவிடலாம். 6 கிலோவுக்கு மேல் போய், அதற்கு மேல் மழையும் வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் நிலத்தில் நின்றபடியே குறைக்கத் தொடங்குங்கள் (எப்படி என்பது அடுத்த பதிலில்). ஆனால் இது சராசரிக் கணக்கு. இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும், உயரமான சுவரை ஒட்டிய தாழ்ந்த கூரையிலும் காற்று கொண்டுவந்து குவித்த பனி இரண்டு மடங்காகவும் இருக்கும்.

எடையைவிட நம்பத்தக்க சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நேற்றுவரை இலகுவாகச் சாத்திய மேல்மாடிக் கதவு இன்று இறுகுகிறதா, சீலிங்கில் புது வெடிப்பு ஓடுகிறதா, நடுவில் தொய்கிறதா, மரம் முறுகும் சத்தம் கேட்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பனியைத் தள்ளும் யோசனையை விட்டு, எல்லோரும் வெளியே வந்து அவசர எண் 911 அழையுங்கள்.

ரூஃப் ரேக் (நிலத்தில் நின்று கூரைப் பனியை இழுக்கும், நுனியில் அலகு பூட்டிய நீளத் தடி) வாங்கினேன். எப்படிப் பாவிப்பது என்று பெட்டியில் ஒரு படம் மட்டும்தான் இருக்கிறது. (மார்க்கம் வாசகர்)

அலகின் அடியில் சின்னச் சக்கரங்களோ உருளைகளோ இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மாற்றி வாங்குங்கள். உலோக விளிம்பு நேரே உராய்ந்தால் ஷிங்கிளின் மேலுள்ள கல்மணிகள் உதிரும், அத்தோடு அதன் ஆயுளும் குறையும்.

அடுத்தது மின்கம்பி. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் தடியை நீட்ட வேண்டும். தடி பெரும்பாலும் அலுமினியம், 5 முதல் 6 மீட்டர் நீளம், மின்சாரத்துக்கு நல்ல பாதை. கம்பியிலிருந்து 3 மீட்டராவது தள்ளியே வேலை செய்யுங்கள். அந்தப் பக்கம் பனி நின்றால் நிற்கட்டும்.

நிலத்தில்தான் நிற்க வேண்டும், இழுக்கும் இடத்துக்கு நேர் கீழே அல்ல, கொஞ்சம் பக்கவாட்டில். விளிம்பிலிருந்து தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரு அடி அளவு மேலே வைத்து, சரிவின் போக்கிலேயே கீழே இழுங்கள். மேலே எட்டிப் போட்டு ஒரேயடியாக இழுக்க ஆசை வரும். அப்படிச் செய்தால் முழுப் பாளமும் உங்கள் தலையில். பக்கவாட்டாக இழுத்தால் ஷிங்கிளின் ஓரம் கிளம்பும். கடைசி 3 முதல் 5 செ.மீ. பனியைத் தொடாமல் விடுங்கள், அதுதான் ஷிங்கிளுக்குக் காப்பு. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர், கூடினால் ஒன்றரை மீட்டர் துப்புரவானாலே ஐஸ் அணை (விளிம்பில் உறைந்து தண்ணீரை மறிக்கும் ஐஸ் மேடு) கட்டுவது வெகுவாகக் குறையும். எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் கூரையின் இரண்டு பக்கத்தையும் மாறிமாறிக் குறையுங்கள். ஒரு பக்கம் வெறுமையாகவும் மற்றப் பக்கம் நிறைந்தும் நிற்பது கூரையின் மரச்சட்டத்துக்கு நல்லதல்ல.

இரண்டு மாடி வீட்டின் மேற்கூரைக்கு இது எட்டாது. எட்டவில்லை என்று ஏணியில் நின்று ரேக் பிடிப்பது, வெறுமனே கூரையில் ஏறுவதைவிட மோசம். இரண்டு கையும் தடியில் இருக்கும்.

முடிந்ததும் வீட்டின் பக்கச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் இரண்டு வெள்ளைக் குழாய்கள் பெரும்பாலும் அங்கேதான் வெளியே வருகின்றன. நீங்கள் இழுத்துப் போட்ட பனி அவற்றை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகலாம், அல்லது மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். கேஸ் மீட்டரின் மேல் விழுந்ததைச் சவலால் கொத்தாமல் கையால் தட்டிவிடுங்கள்.

பீலியில் தடித்த ஐஸ், ஊசி ஊசியாகத் தொங்குகிறது. இப்போது படுக்கையறைச் சீலிங்கில் ஈரம். கோடரியால் கொத்தலாமா? (பிரம்டன் வாசகர்)

கொத்தினால் ஐஸோடு ஷிங்கிளும் பீலியும் வரும்.

நடப்பது இதுதான். வீட்டுச் சூடு அட்டிக்குக்குள் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி) கசிந்து கூரையின் மேற்பகுதியைச் சூடாக்குகிறது. பனி அடியில் உருகி வழிகிறது. சுவருக்கு வெளியே நீட்டிய விளிம்புக்குக் கீழே சூடில்லை, அங்கே வந்ததும் உறைகிறது. நாளுக்கு நாள் அணை உயர, பின்னால் தேங்கிய தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறுகிறது. ஷிங்கிள் வழிகிற தண்ணீருக்குத்தான் செய்தது, தேங்கும் தண்ணீருக்கல்ல.

இன்றைக்குச் செய்யக் கூடியது: அணைக்கு மேலுள்ள பனியை ரேக்கால் இழுங்கள், உருக ஒன்றும் இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை. பழைய நைலோன் காலுறையில் கல்சியம் குளோரைட் நிரப்பிக் கட்டி, ரேக்கின் தடியால் அணைக்குக் குறுக்கே, ஒரு முனை பீலிக்கு வெளியே தொங்கும்படி வையுங்கள். அது உருக்கி ஒரு வாய்க்கால் வெட்டும். சாதாரண உப்பு வேண்டாம். மைனஸ் 10 பாகைக்குக் கீழே அது ஏறக்குறைய செத்துவிடும், பீலியையும் அரிக்கும். சீலிங் வீங்கித் தொங்கினால், அந்த அறையின் மின்சாரத்தை பிரேக்கரில் நிறுத்தி, கீழே வாளி வைத்து, வீக்கத்தின் நடுவில் ஸ்குரூட்ரைவரால் ஒரு துளை போடுங்கள். விட்டால் முழுப் பலகையும் விழும். அணை பெரிதென்றால் நீராவியால் உருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

வசந்தத்தில் அட்டிக்கைத் திறந்து பாருங்கள். பலர் நேரே இன்சுலேஷன் (சூடு கசியாமல் தடுக்கும் நிரப்பு) கூட்டுகிறார்கள், அது பாதி வேலை. முதலில் ஓட்டைகளை அடைக்க வேண்டும்: அட்டிக் மூடி, சீலிங்குக்குள் பதித்த பொட் லைட்டுகள், குழாய்கள் மேலே போகும் இடைவெளிகள். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடிகிற வீடுகள் எத்தனையோ. அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோங்கள். அதன் பிறகுதான் R-60 அளவுக்கு இன்சுலேஷன் (R எண் கூடக் கூடச் சூட்டை நன்றாகத் தடுக்கும்), செலுலோஸ் என்றால் ஏறக்குறைய 40 செ.மீ. விளிம்பின் அடிப்புறக் காற்றுத் துளைகளை அது மூடிவிடக் கூடாது. கூரை மாற்றும்போது ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டும் விளிம்புக் காப்புப் படலம் விளிம்பிலிருந்து குறைந்தது 90 செ.மீ. மேலே ஏறி, சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 30 செ.மீ. போகிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள்.

சுடுதண்ணீர் ஊற்றினால்? (ஏஜக்ஸ் வாசகி)

ஊற்றிய தண்ணீர் பீலியில் போய் உறையும், மிச்சம் உங்கள் வாசற்படியில் உறையும்.

எங்களுடையது கொண்டோ டவுன்ஹவுஸ். கூரை யார் பொறுப்பு? (மிசிசாகா வாசகர்)

பெரும்பாலும் கூரை பொதுச் சொத்து, கொண்டோ நிர்வாகத்தின் வேலை; உங்கள் கொண்டோவின் பிரகடனப் பத்திரத்தில் எழுதியிருக்கும். தொலைபேசியில் சொல்வதோடு விடாமல், தொங்கும் ஐஸையும் சீலிங் ஈரத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். உள்ளே நனைந்த உங்கள் பொருட்களுக்கு உங்கள் சொந்தக் காப்புறுதிதான். ஐஸ் அணையால் வரும் கசிவு அதில் அடங்குமா என்று பனி கொட்டுமுன்பே கேட்டு வையுங்கள்.