சுவருக்கு அந்தப் பக்கம்

கேள்வி: அக்கா, நாங்க பட்டர்வொர்த் பிளாட்ல இருக்கோம், பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியை அடிக்கிற சத்தம் சுவர் வழியா கேக்குது, காலைல அவங்க முகத்தை துப்பட்டாவால மூடிக்கிட்டு குப்பை கொட்ட வர்றாங்க. அம்மா "குடும்ப விஷயம், தலையிடாதே"ங்கிறாங்க. என்ன பண்றது?

பதில்: தங்கச்சி, மலேசியாவுல 1994லயே குடும்ப வன்முறைக்குன்னு தனிச் சட்டம் வந்தாச்சு, அப்புறம் என்ன குடும்ப விஷயம்! அடி விழுறப்போ 999க்கு போன் போடு, நீயா போய் அவன்கிட்ட வாதாடாதே. அவன் வேலைக்குப் போனதும் சாம்பார் கொடுக்குற சாக்குல போய் உக்காரு, "ஏன் இன்னும் இவனோட இருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டுடாதே, அந்தக் கேள்வியிலேயே வாயை மூடிக்கிட்டவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அவங்க ஜேகேஎம், அதாவது சமூக நல இலாகா அதிகாரிகிட்ட அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம், 7 நாள் செல்லும், அதுக்கு போலீஸ் ரிப்போட் கூட தேவையில்ல, இது நம்மாளுங்க பல பேருக்குத் தெரியாது. காயம்னா அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சில ஓஎஸ்சிசின்னு, அதாவது அடிபட்டு வர்றவங்களுக்கான உதவி மையம்னு, கேக்கச் சொல்லு. பினாங்குல டபிள்யூசிசிங்கிற பெண்கள் உதவி அமைப்பு இருக்கு, தாலியான் காசேங்கிற அரசாங்க உதவி எண் 15999 ராத்திரியும் எடுப்பாங்க. அவங்க சம்மதிச்சா ஐசி (அடையாள அட்டை), பிள்ளைங்க சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), மாத்துத் துணி எல்லாம் ஒரு பையில போட்டு உன் வீட்டுல வச்சுக்கோ. எப்போ கிளம்புறதுங்கிறத அவங்கதான் முடிவு பண்ணணும், நீ அவசரப்படுத்தாதே.