கிட் மூலநிரலில் ஒரே ப்ராசஸுக்குள் இரண்டாவது ரிவிஷன் வாக் ஏன் காலியாக வருகிறது?

கிட் கமிட் வரலாற்றைப் பின்னோக்கி நடப்பதுதான் ரிவிஷன் வாக். கேள்வியில் உள்ள நிலைமை இது: முதலில் மெயின்..டாபிக் வாக் (டாபிக் கிளையில் உள்ள, மெயின் கிளையில் இல்லாத கமிட்கள்) ஓடுகிறது, சரியாக வருகிறது. வாக்கின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெவ்_இன்ஃபோ ஸ்ட்ரக்டைப் புதிதாக இனிஷியலைஸ் செய்து மெயினை மட்டும் நடக்கவிட்டால் ஒரு கமிட்கூட வருவதில்லை.

ரெவ்_இன்ஃபோவை எத்தனை முறை துடைத்தாலும் பலன் இல்லை. பார்த்தாயிற்று, விலக்கியாயிற்று என்று வாக் போடும் குறிகள் அங்கே இல்லை, கமிட் ஆப்ஜெக்டின் ஃப்ளாக்ஸ் ஃபீல்டில் இருக்கின்றன. ஒரு ஹாஷுக்கு நினைவகத்தில் ஒரே ஸ்ட்ரக்ட்தான்; அடுத்த வாக்கும் அதே பழைய குறிகளோடு அதையே எடுக்கும். கிட் கட்டளைகள் ஒரு வேலையை முடித்து வெளியேறிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட அமைப்பு இது. 2022இல் வந்த ரிலீஸ்_ரிவிஷன்ஸும் ரெவ்_இன்ஃபோவின் மெமரியைத்தான் விடுவிக்கும், ஃப்ளாக்ஸைத் தொடாது.

பலரும் சொல்லும் மருந்து ரீசெட்_ரிவிஷன்_வாக். அது சீன், ஆடட், ஷோன், டோப்போ வாக் குறிகளை அழிக்கும், விலக்கப்பட்டது என்று சொல்லும் அன்இன்ட்ரஸ்டிங்கை விட்டுவிடும்! உங்கள் முதல் வாக்கில் மெயின் விலக்கப்பட்ட பக்கம். ரீசெட்டுக்குப் பிறகு ஜிடிபி டீபக்கரில் மெயின் கமிட்டின் ஃப்ளாக்ஸைப் பாருங்கள், 2 மதிப்புள்ள அன்இன்ட்ரஸ்டிங் பிட் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். ரிவிஷன் வாக்கைச் சோதிக்கும் கிட்டின் டி0062 டெஸ்டைப் பார்த்து எழுதினால் இது பிடிபடாது, அதில் எல்லா ரெஃப்களையும் நடக்கிறார்களே தவிர எதையும் விலக்குவதில்லை.

உங்களுக்குச் சரியானது கிளியர்_கமிட்_மார்க்ஸ், ஆல்_ரெவ்_ஃப்ளாக்ஸ் மாஸ்க்கோடு (எந்தெந்தக் குறிகளை அழிப்பது என்று சொல்லும் பிட்கள்). பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் பைசெக்ட், மூதாதையரைச் சோதித்த பிறகு, பல கமிட்களை ஒன்றாக எடுக்கும் இதன் மெனி வடிவத்தைத்தான் அழைக்கிறது. மெயின், டாபிக் இரண்டின் நுனியிலிருந்தும் அழையுங்கள். கேட்ட குறி எதுவும் இல்லாத கமிட்டைக் கண்டதும் அது அந்தக் கிளையில் நின்றுவிடும், ஒரு நுனியை விட்டால் அந்தப் பக்கத்துக் குறிகள் அப்படியே தங்கிவிடும். ட்ரீ, பிளாப், டேக் பக்கமும் அது போகாது. ஆப்ஜெக்ட்ஸ் ஆப்ஷனோடு நடந்திருந்தால் கிளியர்_ஆப்ஜெக்ட்_ஃப்ளாக்ஸ்தான் வழி. நினைவகத்தில் உள்ள ஆப்ஜெக்ட்களின் முழு ஹாஷ் டேபிளையும் அது சுற்றுவதால் பெரிய ரெப்போவில் நேரம் தின்னும். உங்கள் சொந்த பிட் எதையாவது மாஸ்க் அடித்துவிடுகிறதா என்று ஆப்ஜெக்ட்.ஹெச்சில் இருக்கும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். 28 பிட்டை எல்லாரும் பங்குபோட்டிருக்கிறார்கள்.

முதல் வாக்கில் பாத் (கோப்புப் பாதை) கொடுத்திருந்தால் கதை வேறு. வரலாற்றைச் சுருக்கும்போது மெர்ஜ் கமிட்டின் பேரன்ட்ஸ் லிஸ்டே நினைவகத்தில் வெட்டப்படும், ஃப்ளாக் அழிப்பதால் அது திரும்பாது. படித்ததை மறக்கவைக்கும் அன்பார்ஸ்_கமிட் ஒவ்வொரு கமிட்டாகக் கேட்கும். அந்த வாக்கை ஸ்டார்ட்_கமாண்ட் வழியாகத் தனி ப்ராசஸில் ரெவ்-லிஸ்டாக ஓட்டி, வெளியீட்டை பைப்பில் படிப்பதே மேல்.