வயதுக் கணக்கை விட்டுவிடாதீர்கள்

குரூப் 4 தேர்வில் கணக்கை விட்டுவிட்டுப் பொது அறிவில் ஈடுகட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், தம்பி. 200 கேள்விகளில் 25, கணக்குகள் அடங்கிய திறனறிவுப் பகுதியிலிருந்து வருகின்றன. ஒன்றுக்கு 1.5 வீதம் 37.5 மதிப்பெண். பொது அறிவில் எதை எடுத்துக் கேட்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் கேட்கும் வகைகளோ கொஞ்சம்தான்.

உங்களைப் பயமுறுத்தும் வயதுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தந்தையின் வயது மகன் வயதைப் போல 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 9 மடங்காக இருந்தது. தந்தையின் இப்போதைய வயது என்ன?

மகனுக்கு இப்போது x வயது என்று வையுங்கள். தந்தைக்கு 4x. 5 ஆண்டுக்கு முன் இருவருக்குமே 5 குறையும்: x − 5, 4x − 5. அப்படியானால் 4x − 5 = 9(x − 5). பிரித்து எழுதினால் 5x = 40. மகனுக்கு 8, தந்தைக்கு 32. சரிபார்ப்போம்: அன்று மகனுக்கு 3, தந்தைக்கு 27. ஒன்பது மடங்கு, சரி.

பெரும்பாலும் தவறு நடப்பது அடைப்புக்குறியில்தான். அவசரத்தில் 9x − 5 என்று எழுதினால் x = 0 வரும், அதாவது மகன் இன்றுதான் பிறந்திருக்கிறான். தந்தைக்கு மட்டும் 5 கழித்து மகனை மறந்தால் x = −1! வயது இப்படி வராதே என்று தோன்றியதும், முழுவதையும் அடிக்காமல் அந்த ஒரு வரிக்குத் திரும்புங்கள்.

விகிதத்தில் கொடுத்தாலும் இதே வழிதான். இருவர் வயது இப்போது 5:7, 6 ஆண்டு கழித்து 3:4 என்றால் 5x, 7x என எடுத்து இரண்டிலும் 6 கூட்டுங்கள். 4(5x + 6) = 3(7x + 6), x = 6, வயது 30, 42. இருவருக்கும் இடையிலான 12 ஆண்டு வித்தியாசம் எந்தக் காலத்திலும் மாறாது. ஆனால் விடையைச் சோதிக்க அது மட்டும் போதாது; 6 ஆண்டு கழித்து வரும் 36, 48 என்பது 3:4 ஆகிறதா என்று பாருங்கள்.

அடிப்படை ஆட்டம் கண்டால் வெட்கப்படாமல் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். ஒரு மாறிச் சமன்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன. தினம் நாலைந்து போட்டால் போதும். அப்புறம், கேள்வி யாருடைய வயதை, எப்போதைய வயதைக் கேட்கிறது என்று முதலிலேயே அடிக்கோடிடுங்கள். 32 இருக்கும் விடைப்பட்டியலில் 8-ம் இருக்கும், 27-ம் இருக்கும்.