மேப்பிள் நிழலில் சிக்ளமென்

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய மேப்பிள் மரம். அதன் நிழலில் புல்கூட வராது. கடையில் தொட்டியோடு வாங்கிய சிக்ளமென் என்ற கிழங்குப் பூச்செடியை அங்கே நட்டேன். முதல் உறைபனியிலேயே அழுகிவிட்டது. ஏன்?

பதில்: இடத்தில் குறையில்லை அம்மா, வகைதான் மாறிவிட்டது. தொட்டியில் விற்பது பெரும்பாலும் பெர்சிகம் என்ற சிக்ளமென் வகை, உறைபனி தாங்காது. மரத்தடிக்கு ஹெடெரிஃபோலியம் என்ற வகையை வையுங்கள். கோடை முடிவில், இலை வருமுன்பே பூத்துவிடும். பிறகு வெள்ளி வரி ஓடிய இலைகள் குளிர்காலம் முழுக்க நிற்கும். பூவைவிட எனக்கு அந்த இலைதான் பிடிக்கும். ஆல்ப்ஸின் சொந்தப் பூவான பர்புராசென்ஸும் நிழலில் வரும், நல்ல மணம்.

ஹெடெரிஃபோலியம் கிழங்கில் வேர் பெரும்பாலும் மேல்பக்கத்திலிருந்துதான் கிளம்பும். அதைப் பார்த்துத் தலைகீழாக நட்டுவிடாதீர்கள். உருண்ட பக்கம் கீழே. மேலே 3 முதல் 5 செ.மீ. இலைமக்கு போதும். கோடையில் இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். செத்துவிட்டதென்று தோண்டாதீர்கள், கிழங்கு உறங்குகிறது.

பூ முடிந்ததும் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு விதைக்காயை மண்ணருகே இறக்கும். வெட்டாதீர்கள். விதைமேல் உள்ள இனிப்புக்காக எறும்புகள் அதை இழுத்துப்போய்ப் பரப்பும்.