வரி மறந்த பாட்டுக்கு கிராமி விருது எப்படிக் கிடைத்தது?

நீங்கள் கேட்பது அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘எல்லா இன் பெர்லின்’ ஆல்பத்தைப் பற்றி. 1960 பிப்ரவரி 13, பெர்லின் டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கில் பதிவானது. பியானோ பால் ஸ்மித், கிதார் ஜிம் ஹால், பேஸ் வில்ஃப்ரெட் மிடில்புரூக்ஸ், டிரம்ஸ் கஸ் ஜான்சன்.

‘மேக் த நைஃப்’ தொடங்கும் முன்பே, வரிகள் நினைவிருக்கும் என நம்புகிறோம் என்கிறார். சில சுற்றுகள் சரியாகப் போகும். பிறகு, அடுத்து என்ன வரி என்ற கேள்வியையே மெட்டில் வைத்துப் பாடிவிடுகிறார்! அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். வரிதான் போயிற்று, தாளம் நழுவவில்லை, சொற்கள் விழவேண்டிய இடத்தில்தான் விழுகின்றன. பாட்டு 16 பார் (தாளக் கட்டு) கொண்ட ஒரே சுற்று, திரும்பத் திரும்ப வரும். பாடகர் தடுமாறினாலும் குழுவுக்கு எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றிக்கொண்டே போக முடிவது அதனால்தான். இதே பாட்டை முன்பு பாடிய பாபி டேரின், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பெயர்களை இழுத்து, ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலிலும் பாடுகிறார்.

ஆல்பத்துக்கு ஒன்று, இந்தப் பாட்டுக்கு ஒன்று என இரண்டு கிராமி. என் கணிப்பில் அதைவிடப் பெரிய சாதனை அடுத்து வரும் ‘ஹவ் ஹை த மூன்’. ஏறத்தாழ ஏழு நிமிடம், பெரும்பகுதி ஸ்காட், அதாவது சொல்லில்லாமல் வெறும் அசைகளால் பாடுவது. நடுவே மற்ற பாட்டுகளின் துணுக்குகள் வந்துபோகும். முதல்முறை கேட்பவர் ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடருங்கள், சுற்று பிடிபடும்.