பெட்டி இரண்டு நாளில் இறங்கும், மண்தான் நாள் கேட்கும்

கேள்வி: படுவான்கரையில் எங்கள் வயல் வீதியின் சிறு பாலம் வெள்ளத்தில் சரிந்துவிட்டது. வார்த்து வைத்த கொங்கிறீட் பெட்டிகளைக் கொண்டுவந்து சில நாட்களில் இறக்கிவிடலாம் என்கிறார்கள். நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தைத் தாங்குமா? மாரிக்கு முன் முடியுமா?

தாங்கும். கொங்கிறீட் உரிய பலத்துக்கு வர 28 நாள் கணக்கு. தண்ணீர் உள்ளால் ஓட, வீதி மேலால் போகும் இந்தப் பெட்டி அந்த நாட்களை வார்த்த இடத்திலேயே கழித்துவிட்டு வருகிறது. வேகம் அதில்தான் கிடைக்கிறது.

பழைய பாலம் பாரத்தால் நடுவில் முறிந்ததா, ஓரத்து மண் அரித்துச் சாய்ந்ததா? வெள்ளத்தில் போனதென்றால் அநேகமாக இரண்டாவதுதான். அப்படியானால் தண்ணீர் போகும் வாயைப் பழைய அளவிலேயே விட்டுப் புதுப் பெட்டியை வைப்பது வீண். தண்ணீர் அதே மூலையைத்தான் மறுபடி தோண்டும். வாய் எவ்வளவு அகலம், இரு முனையிலும் தடுப்புச் சுவர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது, மண் அரிக்காமல் கருங்கல் அடுக்குவார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது பெட்டியின் இரு பக்கமும் நிரப்பும் கிறவல். நான் பார்த்த ஓரிடத்தில் பெட்டிகள் இரண்டே நாளில் இறங்கின. கிறவலை ஒரேயடியாகக் கொட்டி மேலால் ரோலரை ஓட்டினார்கள். அடுத்த மாரியில் பாலம் அசையவில்லை, வீதிதான் இரண்டு பக்கமும் முழங்கை அளவு தாழ்ந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பாலத்துக்குப் படி ஏறுவதுபோல ஏறினார்கள்! 15, 20 சென்ரிமீற்றர் படையாகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வொரு படையையும் இறுக்க வேண்டும்.

கிரேனையும் மறக்க வேண்டாம். உள்ளளவு 2 மீற்றர் சதுரம், சுவர் 20 சென்ரிமீற்றர் என்றால், ஒரு மீற்றர் நீளத் துண்டே 4 தொன்னுக்கு மேல். அதைத் தூக்கும் கிரேன் வயல் சேற்றில் நிற்காது. சிறுபோகம் வெட்டி முடிந்து வாய்க்கால் வற்றியிருக்கும் ஆவணி, புரட்டாதிதான் வசதி. அப்போது இறக்க வேண்டுமென்றால் பெட்டிக்கு வைகாசியிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலம் தவறினால், மாரிக்கு மட்டும் பெய்லி இரும்புப் பாலம் கேட்டுப் பாருங்கள். 10 அடி நீளச் சட்டங்களை முளை அடித்துப் பூட்டுவார்கள். ஒரு சட்டம் சுமார் 260 கிலோ, ஆறு பேர் தூக்கலாம். ஆனால் எத்தனை வரிசைச் சட்டம் என்பதைப் பொறுத்துத்தான் பாரம். பாலத்துப் பலகையில் எழுதிய தொன் அளவை மணல் டிப்பர்காரரிடமும் சொல்லி வையுங்கள். மூன்று கியூப் (300 கன அடி) மணல் மட்டுமே 13 தொன் வரும், வண்டியின் எடை வேறு.